மயிலின் கண் என் சட்டைப் பித்தான்

ரயிலடித் தெருவில் சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டுடியோ கட்டினேன். கூரைக்குக் கண்ணாடி போட வக்கில்லாத நாளில் வேட்டியைப் பிரித்துக் கட்டி, அது வழியாக விழுந்த வெயிலில் படம் எடுத்தேன். படம் விழுகிற கண்ணாடி பிளேட் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று பின்பக்கம் கிணறு தோண்டினேன். பாறை வந்தது. உடைத்தேன். அந்தக் கிணறு இன்றைக்கும் வற்றவில்லை, போய்ப் பாருங்கள். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். பிள்ளையைப் பத்தாவது வரைக்கும் படிக்கவைத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால். "உனக்கு எழுத்து ஏறாதுடா முனுசாமி" என்று சொன்ன வாத்தியாரின் பேத்தி கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தான்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை செய்தேன். வேறு ஒருத்தர் பாதியில் போட்டுவிட்டுப் போன ஒரு படத்தை எழுப்பி நிற்கவைத்தேன். ஸ்டுடியோ, கிணறு, கல்யாணம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்த ஒன்றுக்குத்தான் என் பேர் இல்லை.

நம் தாலுகா போட்டோகிராபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்தார்கள். கலர் பிலிம் வந்துவிட்டது, அந்தக் கறுப்பு வெள்ளைக் காலத்தைப் பற்றி இனிமையாக நாலு வார்த்தை வேண்டுமாம். இனிமையாக எழுத எனக்கு வராது. போன மாதம் மெட்ராசில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். பழைய சாமான்களை வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். நடுவில் என் படுதா தொங்கியது. கீழே ஒரு அட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஓவியர் ஏகாம்பரம் வரைந்த ஸ்டுடியோ திரை, திருத்தணி.' அவ்வளவுதான். நான் கையை நீட்டினதும் காவலுக்கு நின்ற பையன் ஓடி வந்தான்.

"பெரியவரே, தொடாதீங்க."

"நான் தொடாத எடம் இதுல இன்னா கீது, காட்டு பாக்கலாம்" என்றேன்.

அவன் சிரித்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. ஊர் கனகம்மாசத்திரத்துக்கு அந்தப்பக்கம். முதலில் சுண்ணாம்பு அடித்தேன். பிறகு பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர்களிடம் பாவுக்குக் கஞ்சி போடுகிற வேலை. கஞ்சி எந்தப் பதத்தில் நூலைப் பிடிக்கும், எந்தப் பதத்தில் உதிரும் என்பது என் விரலுக்குத் தெரியும். ஆடி மாதம் வந்தால் காவடி ஜோடிப்பேன், பூவும் மயிலிறகும் பளபளப்புக் காகிதமும். கல்யாணம் ஆன பிறகு நிரந்தரமாக ஒரு வேலை வேண்டும் என்று மலையடிவாரத்தில் ஜமால் பாய் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். தண்ணீர் தூக்குவது, நாற்காலி போடுவது, படுதா இழுப்பது. அதுதான் என் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம்.

ஜமால் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனுஷர். அத்தர் வாசனை அவருக்கு முன்னால் வரும். பிளேட்டைத் தொடுவதற்கு முன் கையை முழங்கை வரைக்கும் கழுவுவார். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக "டேய் முனுசாமி" என்பவர், கோபத்தில் "வாங்க துரை, உக்காருங்க துரை" என்பார். அந்த 'துரை'யைக் கேட்டால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிடுவேன். இன்னொன்று, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் அவர் வேறு ஆள். வெளியே எல்லாரிடமும் "ஜோரா கீறீங்க" என்பவர், துணிக்குள்ளிருந்து உண்மையைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டார். "அம்மா, கழுத்து கோணிக்கினு கீது." "ஐயா, வயித்த உள்ள இழுங்க." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. துணிதான் பேசுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள் போல.

எங்கள் வியாபாரம் மொட்டைத் தலையை நம்பி இருந்தது. மலைக்கு வருகிற குடும்பம் முடி இறக்கும், குளத்தில் குளிக்கும், தலையில் சந்தனம் பூசும், சாமி பார்க்கும். இறங்கி வரும்போது அதே கோலத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகும். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆந்திரா பக்கத்து ஜனம் பாதி, நம் ஜனம் பாதி. தெருவில் போகிறவர்கள் திறந்த கதவு வழியாக எந்தப் படுதா அழகாக இருக்கிறது என்று பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். எதிர்க்கடையில் வெள்ளைக்காரன் தோட்டமும் அன்னப்பறவையும் போட்ட படுதா. ஜனம் அங்கே மொய்த்தது.

இதில் ஒரு சிக்கல். ஜப்பான்காரன் சண்டைக் காலம். நல்ல பிளேட் வருவது நின்றுபோய், கிடைத்ததெல்லாம் பழைய ரகம். அதற்குச் சிவப்பும் மஞ்சளும் தெரியாது. இரண்டும் கறுப்பாக விழும். மஞ்சள் பூசின முகம் மண்சட்டி மாதிரி விழும். சந்தனம் பூசின மொட்டை, அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி விழும். "சந்தனத்தக் கொஞ்சம் தொடச்சிட்டு உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் சாமி சந்தனத்தைத் துடை என்று யார் சொல்வது? எதிர்க்கடைக்காரர் சொன்னால் ஒரு சண்டையோடு போகும். ஜமால் பாய் சொன்னால் தெருவே திரளும். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. துணிக்குள்ளிருந்துகூடச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் குண்டு விழும் என்று மெட்ராஸ் காலியானது. ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். அதில் ஒருத்தர் ஓவியர் ஏகாம்பரம். பட்டு ஜிப்பா, பின்னால் விழுகிற முடி, ஒரு பெட்டி நிறையத் தூரிகை. பாய்க்கு அவரைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. அன்னப்பறவைக்கு எதிராக நம் மலையையே படுதாவில் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

ஏகாம்பரம் கெட்டிக்காரர். இல்லை என்று சொல்ல மாட்டேன். வெறும் கலர் மட்டும் பூசவில்லை. கெட்டித் துணியில் பசை போட்டுப் பாறையை மேடாக எழுப்பினார். கோபுரத்துக்கு ஜரிகை ஒட்டினார். குளத்துக்குக் கண்ணாடிச் சில்லு பதித்தார். கோயில் மதிலுக்கு வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக, மலைமேல் இருக்கிற மாதிரியே. அடிவாரத்தில் ஒரு மயில். பாறைக்கெல்லாம் செம்மண் நிறத்தில் குங்குமம் கலந்த சிவப்பு. பாய் பயந்துபோய்ச் சொன்னார், "ஆர்ட்டிஸ்ட் சார், செவப்பு பிளேட்டுல கறுப்பா வுழும்."

"மலைக்கு என்ன நிறமோ அதைத்தான் நான் போடுவேன். கேமராவுக்காக நான் வரையறதில்லை, பாய்."

தெருவில் போனவர்கள் நின்று வாயைப் பிளந்தார்கள். நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரெட்டியார் குடும்பம்தான் முதல் போணி. பாய் லென்ஸ் மூடியைக் கழற்றி "ஏக், தோ, தீன்" எண்ணி மூடினார். அச்சுப் போட்டுக் கையில் கொடுத்தோம். மலை முழுக்கக் கறுப்பு. அதற்கு முன்னால் நின்ற மொட்டைகளும் கறுப்பு. எது தலை, எது பாறை என்று தெரியவில்லை. கண்களும் பல்லும் மட்டும் மிதந்தன. குளத்துக் கண்ணாடிச் சில்லு ஒன்றில் கறுப்புத் துணிக்குக் கீழே பாயின் லுங்கி கட்டின கால் தெளிவாக விழுந்திருந்தது.

ரெட்டியார் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதேமி கொண்டய்யா, பொக்கு குப்பா?" என்றார். இது மலையா கரிக்குவியலா என்று கேட்டார். அவர் சம்சாரம் அழ ஆரம்பித்தாள். குழந்தைக்கு முதல் மொட்டை, படத்தில் குழந்தைக்குத் தலையே இல்லை, இது நல்லதுக்கில்லை என்று. அந்த அழுகை எதிர்க்கடைக்குக் கேட்டது, மொட்டைக் கொட்டகைக்குக் கேட்டது, ஊருக்கே கேட்டது. பாய் கடையில் படம் எடுத்தால் தலை போய்விடும் என்று கதை கட்டிவிட்டார்கள்.

பாய் ஏகாம்பரத்திடம் போனார். "சாம்பல் கலர்ல மாத்திக் குடுங்க சார்."

"சாம்பல் பூச வேற ஆளைப் பாருங்க" என்றார் அவர். குளத்தில் பாதி, மதிலில் பாதி, மயிலுக்குக் கண்ணே இல்லை. அப்படியே விட்டுவிட்டு, அரக்கோணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அடியில் இடது மூலையில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார், நல்ல இரத்தச் சிவப்பில். வேலை முடிக்கும் முன்னாலேயே கையெழுத்துப் போட்ட மனுஷர்!

படுதாவைச் சுருட்டி மூலையில் நிறுத்தினோம். பழைய சாம்பல் படுதா மறுபடி வந்தது. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். ஒருநாள் காலையில் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க துரை. உக்காருங்க. இந்தப் படுதாவ அறுத்து மூட்ட கட்டப் போட்டுடலாம்னு கீறேன். கடையவும் மூடிடப் போறேன். மச்சான் ரயில்வேயில வேல வாங்கித் தரேன்றான். நீங்களும் எங்கியாச்சும் பாத்துக்குங்க துரை."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "ஆடிக் கிருத்திகை வரிக்கும் வுடுங்க பாய். நான் சரி பண்றேன்" என்றேன்.

"நீயா? ஆர்ட்டிஸ்ட்டே வுட்டுட்டுப் போயிட்டான்டா!"

மரியாதை இறங்கிவிட்டது. அப்படியென்றால் நம்பிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். படுதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியாது. இதை நன்றாகக் கவனியுங்கள். சாம்பல் பூசினால் கேமராவுக்கு நன்றாக இருக்கும், ஜனத்துக்குப் பிடிக்காது. கலர் பூசினால் ஜனத்துக்குப் பிடிக்கும், கேமராவுக்கு ஆகாது. இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் சம்சாரம் நாகம்மா என் அத்தை மகள்தான். வீட்டில் தெலுங்குப் பேச்சும் உண்டு, என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். படுதாவை விரித்து நான் முழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் உடைந்து கிடந்த நீல மருந்து பாட்டில் சில்லை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாவா, இதுல பாத்தா நீ நீலமேகம் மாதிரி கீற."

"குடு, உன்னைப் பாக்குறேன்" என்று பிடுங்கினேன். வைத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நெற்றியில் குங்குமம் மைப் பொட்டாகி இருந்தது. மஞ்சள் பூசின முகம் மங்கிக் கறுத்திருந்தது. கடையில் கழுவி எடுத்த எத்தனை அம்மாக்களின் படத்தில் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்! இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் பிளேட் கெடாது, அதற்குச் சிவப்பு தெரியாது என்று பாய் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தச் சில்லுக்கும் தெரியவில்லை. பிளேட்டின் கண் என் கையில் இருக்கிறது.

"இன்னா பாவா, பேய் அறைஞ்சா மாதிரி நிக்கிற?"

"நாகம்மா, உன் மூஞ்சிக்கு எவ்ளோ கடன் பட்டிருக்கேன் தெரியுமா?"

"பைத்தியம் புட்ச்சிக்கிச்சி" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து விளையாட்டுத்தான். வீட்டு முறத்தில் கஞ்சியைத் தடவி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டிச் சில்லு வழியாகப் பார்த்தேன். செங்கல் தூள் கறுப்பு. பூசணிப் பூ கறுப்பு. வேப்பிலையும் இருட்டு. விபூதி வெள்ளை. சலவைக்குப் போடுகிற நீலம், கண்ணுக்கு அவ்வளவு அழுத்தமாக இருந்தது, சில்லில் ஆகாயமாக வெளுத்தது. வளையல் துண்டு, வெங்காயச் சருகு, பாம்புச் சட்டை, எதையும் விடவில்லை. முறம் போய்விட்டது என்று நாகம்மா திட்டினாள். இன்னொரு முறத்தையும் எடுத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில், முனுசாமி நெல்லுக்குப் பதில் குப்பையைப் புடைக்கிறான் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பொதட்டூர்பேட்டைக்குப் போய் நான் முன்னே வேலை பார்த்த வீடுகளில் நூல் கழிவு கேட்டேன். ஒரு மூலையில் வாடாமல்லி நிறத்து நூல் குவிந்து கிடந்தது. சில்லை வைத்தேன். வெளுத்தது! வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்து வெறும் கண்ணால் பார்த்தால் சிவப்பு மாதிரி எரிகிறது, சில்லில் பார்த்தால் இளம் சாம்பல். தறிக்காரர் "கழிவ எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப் போற?" என்றார். "கோயில் மதில் கட்டப் போறேன்" என்றேன்.

கட்டினேன். ஏகாம்பரத்தின் காவிப் பட்டைமேல் வாடாமல்லி நூலை இழை இழையாகக் கஞ்சியில் படியவைத்தேன். பாவுக் கஞ்சியோடு புளியங்கொட்டைப் பசையைக் கொஞ்சம் சேர்த்தேன். வெறும் கஞ்சி சுருட்டும்போது உதிர்ந்துவிடும், வெறும் பசை வெடிக்கும். அந்தப் பதம் என்னுடையது. குளத்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பிடுங்கவில்லை. காக்காப்பொன்னை, அதுதான் மினுமினு என்று ஏடு ஏடாக உரியுமே, அதை நொறுக்கிக் கஞ்சியில் குழைத்து மேலே பூசினேன். பளீர் என்று திருப்பி அடித்த கண்ணாடி தண்ணீர் மாதிரி அடங்கிவிட்டது. பாயின் காலும் மறைந்தது. கோபுரத்து ஜரிகை தட்டையாக ஒட்டியிருந்ததைக் கசக்கி எழுப்பினேன். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பக்கம் வெளிச்சத்தைத் தள்ளியது.

படிக்கட்டுக்கு ஒரு வெள்ளை வேண்டியிருந்தது. பாய் வீட்டுக் கொல்லையில் முட்டை ஓடு கிடந்தது. நொறுக்கி ஒட்டினால் கல் மாதிரியே சொரசொரப்பு. ஓடிப்போய்க் காட்டினேன். பாய் முகம் வெளுத்துவிட்டது.

"முட்ட ஓட்டுல சாமி மலையா? அதுவும் என் வூட்டு முட்ட? என்னைக் கொன்னுட்டுத்தான் ஓயுவீங்களா துரை?"

அவர் சொன்னது சரி. கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு மாறினேன். சொரசொரப்பு கொஞ்சம் குறைவு. இன்றைக்கும் எனக்கு அந்த முட்டை ஓட்டின்மேல் ஒரு வருத்தம் உண்டு.

பாறைதான் கஷ்டமான கேஸ். மலை முழுக்கச் சிவப்பு. மேலே பூசி மறைத்தால் சுலபம், ஆனால் ஜனம் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் மயங்கினது. நெடுநேரம் சில்லு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தோன்றியது. சிவப்பு கறுப்பாக விழும் என்றால், கறுப்பு வேண்டிய இடத்தில் இருக்கட்டுமே! பாறைக்கு நிழல் வேண்டாமா? இடுக்குகளில், அடிவயிறுகளில் ஏகாம்பரத்தின் சிவப்பை அப்படியே விட்டேன். வெயில் படும் முகட்டில் மட்டும் சலவை நீலமும் சுண்ணாம்பும் வாடாமல்லித் தூசும் கலந்து ஒற்றினேன். வெறும் கண்ணுக்குச் சாயங்கால மலை. சில்லுக்கு வெயிலும் நிழலும் விழுந்த மலை. அவர் தோற்ற இடத்தை நான் அழிக்கவில்லை, ஐயா. நிழலாக்கினேன். நிழல் இல்லாமல் மலை நிற்காது.

கடைசியில் மொட்டைத் தலை. சந்தனம் கறுப்பாகத்தான் விழும், அதை மாற்ற முடியாது. தலைக்குப் பின்னால் இருப்பதை மாற்றலாம். மார்கழியில் நம் மலைக்கு இடுப்பில் பனி சுற்றிக்கொள்ளுமே, அதை வைத்தேன். தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் கையால் விரித்து, நாற்காலியில் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்திலிருந்து, நின்றால் வருகிற உயரம் வரை ஒட்டினேன். தலையணை போனதற்கு நாகம்மா இரண்டு நாள் பேசவில்லை.

மயிலுக்குக் கண் பாக்கி. எதை வைத்தாலும் செத்த கண்ணாக இருந்தது. என் சட்டையில் ஒரு சிப்பிப் பித்தான், கல்யாணச் சட்டை. பிய்த்து ஒட்டினேன். இரண்டு ஓட்டையோடு மயில் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பாய் பார்த்தார். "பிளேட் ரொம்பக் கம்மியாக் கீது. ஒண்ணு தரேன். ஒண்ணுதான்" என்றார். உட்காருவதற்குச் சந்தனம் பூசின மொட்டை வேண்டும். தலை போய்விடும் என்று பேச்சு கிளம்பின கடைக்கு எவன் வருவான்? நானே மலையேறிப் போனேன். மொட்டைக் கொட்டகையில், "இன்னா முனுசாமி, திரைக்கு வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. "ஆங், திரைக்குத்தான். தலய வழி" என்றேன். முருகனிடமும் அதையேதான் சொன்னேன். உன் மலையைத்தான் சரி செய்திருக்கிறேன், பார்த்துக்கோ என்றேன்.

சந்தனத்தை வேண்டுமென்றே அப்பிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாகம்மாவை மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்துப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். பாய் துணிக்குள் போனார். இந்த ஊரில் என் சோறு அந்தத் துணிக்குள் இருந்தது. கடைசியில் துணி பேசியது.

"முனுசாமி, நான் இத மாதிரி ஒண்ணு பாத்ததில்லடா."

ஏக், தோ, தீன்.

இருட்டறையில் சிவப்பு விளக்குக்கு அடியில் பாய் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிளேட்டில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் வரும். முதலில் பனி கறுத்து வந்தது. அதற்கு நடுவில் வட்டமாக, தனியாக, ஓரம் கிழியாமல் என் தலை. பாய் என் நிஜத் தலையைத் தடவினார். "நிக்குதுடா. தல நிக்குது!"

அச்சு எடுத்ததை வாசலில் மாட்டினோம். மலைக்கு வெயில், பாறைக்கு நிழல், கோபுரம் மினுக்க, குளம் அசைய, பனிக்கு முன்னால் ஒரு மொட்டைக் கறுப்பனும் அவன் பெண்டாட்டியும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வாசல் வரிசை எதிர்க்கடை அன்னப்பறவையை மறைத்துக்கொண்டு நின்றது. அந்த நகரி ரெட்டியாரும் குழந்தையோடு வந்தார். முதலில் குழந்தையின் தலை படத்தில் தெரியும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். பாய் ரயில்வேக்குப் போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மூடியைக் கழற்றி எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். நான் தமிழில் எண்ணினேன்.

ஏகாம்பரம் வந்தார். தூரிகைப் பெட்டியை எடுத்துப்போகத்தான் வந்தார். படுதாவுக்கு முன்னால் நின்றார்.

"யார் இதைக் கெடுத்தது?"

"நான்தாங்க" என்றேன். பின்வாங்கவில்லை.

கிட்டப் போய் நூலைத் தொட்டார், பஞ்சைத் தொட்டார். பாய் அச்சுப் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என் பேரை எடுத்துடுங்க பாய். இது என் படமில்லை" என்றார்.

"இருக்கட்டும் சார். மெட்ராஸ் பேருன்னா ஜனங்க இன்னும் கொஞ்சம் வராங்க" என்றார் பாய். நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி.

"எப்படிச் செஞ்சே?" என்று ஏகாம்பரம் என்னைக் கேட்டார். நான் நீலச் சில்லை நீட்டினேன். கண்ணில் வைத்துப் படுதாவைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். வாசலில் சந்தனம் பூசின ஒரு கும்பல் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே வெளியே இறங்கினார். பார்த்துக்கொண்டே ரயிலடிப் பக்கம் நடந்தார். சில்லைத் திருப்பித் தரவில்லை. அதையும் யாராவது கண்காட்சியில் வைத்திருந்தால், அதுவும் என்னுடையதுதான்.

ஆக, கையெழுத்துப் போட்டவரே தன் படமில்லை என்று சொல்லிவிட்டுப் போன படம் அது. பாய் கடைச் சாமான்களோடு அதை வாங்கிப்போய் அட்டை எழுதினவர்களுக்கு அது தெரியாது, சரி. சாட்சி கேட்பார்கள். பாய் இல்லை, நாகம்மாவும் போய்விட்டாள். ஆனால் சாட்சி இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. மலரைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பழைய மொட்டைப் படத்தை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். ஏகாம்பரத்தின் கையெழுத்தைத் தேடுங்கள். கிடைக்காது. சிவப்பில் போட்டார், பாறையின் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துவிட்டது. அப்படியே வலது பக்கம் வாருங்கள். மயில் இருக்கும். அதன் கண்ணைப் பாருங்கள். வெள்ளையாக, வட்டமாக, இரண்டு ஓட்டையோடு தெரியும்.

அது என் கல்யாணச் சட்டைப் பித்தான்.

ஏகாம்பரம் பேரை எடுக்கச் சொல்லவில்லை. மேடு எழுப்பினது அவர், நிழலும் அவருடையது. அவர் பேர் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், அதே அட்டையில், அதே அளவு எழுத்தில், கனகம்மாசத்திரத்து முனுசாமி என்று போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரயில் ஏறி வந்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போவேன்.